திரை தெரியாமல் வீடியோ கேம் ஆடுவது எப்படி: மெனுவில் தொடங்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்ட்ரீட் ஃபைட்டர் போட்டிகளில் பார்வையுள்ளவர்களோடு சரிசமமாக மோதும் பார்வையற்ற ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். நெதர்லாந்தின் ‘பிளைண்ட் வாரியர் ஸ்வென்’ அவர்களில் பேர்போனவர். எதிராளி எந்தப் பக்கம் நிற்கிறான், குதித்தானா, எந்த உதையை விட்டான் என்பதெல்லாம் அவர்களுக்குக் காதிலேயே கிடைத்துவிடும். அப்படிப்பட்ட கைகாரரையும் ஒரு மெனு அரை மணி நேரம் கட்டிப்போடும். ஆட்டத்தில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு சத்தம் உண்டு. மெனுவில் எல்லாப் பெயருக்கும் ஒரே ‘டிக்’.

அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் மெனுதான். ஆட்டம் அப்புறம் வருகிறது.

ஸ்க்ரீன் ரீடர் ஏன் ஊமையாகிறது

இது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். ஸ்க்ரீன் ரீடர் என்பது திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் மென்பொருள்: விண்டோஸ் கணினியில் என்விடிஏ, ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். இவை எதுவுமே சாதாரணமாகத் திரையைப் பார்த்து வாசிப்பதில்லை. ‘இது பட்டன், இதன் பெயர் சேமி’ என்று செயலி இயங்குதளத்திடம் ஒரு பட்டியல் கொடுத்து வைத்திருக்கும். அந்தப் பட்டியலைத்தான் அவை வாசிக்கின்றன. பெரும்பாலான கேம்கள் அப்படி எதையும் கொடுப்பதில்லை. ஒவ்வொரு நொடியும் திரை முழுவதையும் தாங்களே படமாக வரைகின்றன. விண்டோஸுக்குத் தெரிவது ஒரு ஜன்னல், உள்ளே ஒன்றுமில்லை. என்விடிஏ அந்த ஜன்னலின் பெயரைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அது பழுதாகிவிட்டது என்று நினைத்துக் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டாம்.

கேம் தயாரிக்கும் எஞ்சின்கள் இப்போதுதான் மாறத் தொடங்கியிருக்கின்றன. யூனிட்டி 2023.2 பதிப்பில் கைபேசிகளுக்கான ஸ்க்ரீன் ரீடர் வசதி வந்தது. கோடோ 2025-இல் 4.5 பதிப்பில் கொண்டுவந்தது. ஆனாலும் தயாரிப்பாளர் உட்கார்ந்து வேலை செய்தால்தான் மெனு பேசும்.

ஆக, உங்கள் கைக்கு வரும் கேம் மூன்று வகையில் ஒன்றாக இருக்கும்: தானே பேசுவது, வெளியார் எழுதிய மாட் (கேமோடு சேர்க்கும் கூடுதல் நிரல்) போட்டால் பேசுவது, பேசவே பேசாதது. எது என்று வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

படி 1: வாங்கும் முன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி

‘மெனு பேசுமா?’ இது ஒன்றுதான். கதை எப்படி, கிராபிக்ஸ் எப்படி என்பதெல்லாம் பிறகு.

எக்ஸ்பாக்ஸ் ஸ்டோரில் 2021 முதலும், பிளேஸ்டேஷன் ஸ்டோரில் 2023 முதலும் அணுகல் வசதிக் குறிச்சொற்கள் இருக்கின்றன. பிளேஸ்டேஷன் 5-இல் (பிஎஸ்5) கேமின் பக்கத்தில் முக்கோணப் பட்டனை அழுத்தினால் அவை வரும். கணினிக் கேம்களை விற்கும் ஸ்டீமிலும் இப்போது தயாரிப்பாளர்கள் இவற்றைக் குறிப்பிடலாம். நீங்கள் தேட வேண்டியது ‘நரேட்டட் கேம் மெனுஸ்’ அல்லது ‘ஸ்க்ரீன் ரீடர்’.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘டெக்ஸ்ட் டு ஸ்பீச்’ என்று மட்டும் போட்டிருந்தால் அவசரப்பட்டு வாங்காதீர்கள். அமெரிக்காவில் 2010-இல் வந்த ஒரு சட்டம் தகவல் தொடர்பு வசதிகள் மாற்றுத்திறனாளிகளுக்கும் பயன்பட வேண்டும் என்கிறது. கேம்களுக்கு அதிலிருந்து கொடுத்திருந்த விலக்கு 2019 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தது. அதனால் பல கேம்களில் சக ஆட்டக்காரர்களோடு பேசும் சாட் மட்டும் பேசும். முதன்மை மெனு பழையபடி ஊமை. சட்டம் கேட்டதை மட்டும் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சந்தேகமாக இருந்தால், அந்தக் கேமை யாராவது வர்ணனை இல்லாமல் ஆடும் வீடியோவைத் தேடி முதல் பத்து நிமிடம் கேளுங்கள். காட்சிக் கதைக்கு நடுவே சத்தங்கள் தெளிவாக இருக்கின்றனவா, இசை எல்லாவற்றையும் மூழ்கடிக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். மெனுவில் தட்டித் தடவும் நேரமும் அந்த 2 மணி நேரத்தில் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

படி 2: முதலில் கருவியைப் பேச வையுங்கள்

எக்ஸ்பாக்ஸில் இது எளிது. கன்ட்ரோலர் நடுவில் இருக்கும் எக்ஸ்பாக்ஸ் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். கை அதிரும். உடனே மெனு பட்டனை அழுத்துங்கள். நரேட்டர் பேசத் தொடங்கும். அணைக்கவும் இதே வழிதான்.

பிஎஸ்5-இல் செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, ஸ்க்ரீன் ரீடர் என்று போக வேண்டும். முதல் தடவை ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. பேச ஆரம்பித்த பிறகு, பிஎஸ் பட்டனோடு முக்கோணத்தை அழுத்தினால் பேச்சு நிற்கும்; பிஎஸ் பட்டனோடு ஆர்1 (கன்ட்ரோலரின் வலது மேல் விளிம்பில் இருக்கும் பட்டன்) அழுத்தினால் சொன்னதைத் திரும்பச் சொல்லும். நின்டெண்டோவில் பழைய ஸ்விட்ச்சில் இந்த வசதியே கிடையாது, பெரிதாக்கிக் காட்டுவது போன்ற வசதிகள் மட்டும்தான். 2025-இல் வந்த ஸ்விட்ச் 2-இன் முகப்பு மெனு பேசுகிறது.

கன்சோல் பேசுவதால் அதில் போடும் கேமும் பேசும் என்று அர்த்தமில்லை. கன்சோலின் குரல் கன்சோலின் சொந்தப் பக்கங்களுக்கு மட்டும். கேமுக்குள் போனதும் அமைதியானால், அங்கிருந்து பொறுப்பு கேமுடையது.

இந்தக் குரல்கள் எதுவும் தமிழில் பேசாது. கேம்களின் மெனுவும் பெரும்பாலும் ஆங்கிலம்தான். கணினியில் என்விடிஏவைத் தமிழ்க் குரலில் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு தொல்லை உண்டு: ஈஸ்பீக் தமிழோ விண்டோஸின் வள்ளுவர் குரலோ ஆங்கில மெனுவை வாசிக்கும்போது காது தடுமாறும். இதற்காகக் குரலை அடிக்கடி மாற்ற வேண்டாம். கேமைத் திறந்து வைத்துக்கொண்டு என்விடிஏ விசையுடன் (பொதுவாக இன்சர்ட்) கன்ட்ரோல், பி (P) அழுத்தி, அந்தச் செயலிக்கென்று தனி உள்ளமைவு ஒன்றை உருவாக்கி, அதில் ஆங்கிலக் குரலையும் கொஞ்சம் கூடுதல் வேகத்தையும் வைத்துவிடுங்கள். கேமுக்குள் போனால் ஆங்கிலம், வெளியே வந்தால் தமிழ். தானாக மாறிக்கொள்ளும்.

படி 3: காதுக்கு வேண்டியவை

விலையுயர்ந்த ஹெட்செட் தேவையில்லை. இடது வலது சுத்தமாகப் பிரிகிற, ஒயர் உள்ள ஒரு ஹெட்போன் போதும். புளூடூத் எனக்குப் பிடிப்பதில்லை. ஒலி தாமதமாக வரும். அதைவிட மோசம், சத்தமில்லாத நேரத்தில் அது தூங்கிவிட்டு, மெனு பேசும்போது முதல் எழுத்தை விழுங்கிவிடும். பிஎஸ்5 எப்படியும் சாதாரண புளூடூத் ஹெட்போனை நேரடியாக ஏற்காது. கன்ட்ரோலரின் அடியில் இருக்கும் துளையில் ஒயரைச் செருகலாம்.

அடுத்து, ‘மோனோ ஆடியோ’ அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸிலும் கைபேசியிலும் இது அணுகல் வசதிப் பக்கத்திலேயே இருப்பதால் தெரியாமல் போட்டுவிட வாய்ப்புண்டு. அது இயங்கினால் இரண்டு காதிலும் ஒரே சத்தம்தான், திசையே தெரியாது. சண்டை விளையாட்டுகளுக்குப் போலி சரவுண்ட் வசதியையும் அணைத்துவிடலாம். அங்கே வேண்டியது இடதா வலதா என்பது மட்டும்தான்.

படி 4: கைக்குப் பழக்கம்

வலப்பக்க நான்கு பட்டன்களின் இடத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பாக்ஸில் கீழே ஏ, வலத்தில் பி, இடத்தில் எக்ஸ், மேலே ஒய். பிளேஸ்டேஷனில் அதே வரிசையில் எக்ஸ், வட்டம், சதுரம், முக்கோணம். நின்டெண்டோவில் ஏ வலத்திலும் பி கீழேயும் மாறி இருக்கும். எக்ஸ்பாக்ஸ் பழகிய கை அங்கே ‘சரி’ என்று நினைத்து ‘திரும்பு’ பட்டனை அழுத்தும்.

மெனுவில் குச்சியைத் தொடாதீர்கள். நான்கு திசைப் பட்டன்களான டி-பேட் மட்டும். குச்சியைக் கொஞ்சம் அதிகமாகத் தள்ளினால் இரண்டு வரி தாண்டிவிடும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. டி-பேடில் ஓர் அழுத்தம், ஒரு நகர்வு.

படி 5: முதல் தடவை கேமைத் திறக்கும்போது

பார்வையற்றவர் அதிகம் திணறும் இடம் இதுதான். அணுகல் வசதி மெனு உள்ளே எங்கோ இருக்கும். அதற்கு முன்னால் வரிசையாகத் தடைகள். முதலில் ‘ஏதாவது ஒரு பட்டனை அழுத்தவும்’. அடுத்து மொழி. அப்புறம் உரிம ஒப்பந்தம்: இதில் கடைசி வரி வரை உருட்டினால்தான் ‘ஏற்கிறேன்’ பட்டனுக்கு உயிர் வரும். அதற்குப் பிறகு வெளிச்சம் சரிபார்க்கும் திரை, கணக்கில் உள்நுழையும் திரை.

நல்ல கேம்கள் இந்த இடத்திலேயே பேசத் தொடங்கிவிடும். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு முதல் தடவை திறக்கும்போதே நரேட்டர் வேண்டுமா என்று கேட்கும். பிறகு எப்போது வேண்டுமானாலும் கன்ட்ரோல், பி (B) அழுத்தி அதை இயக்கலாம். அப்படிப் பேசாத கேமாக இருந்தால் சில பழக்கங்கள் உதவும்:

- டி-பேடில் கீழ்ப் பட்டனை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்துவிட்டு, பிறகு எக்ஸ்பாக்ஸில் ஏ, பிளேஸ்டேஷனில் எக்ஸ். உரிம ஒப்பந்தம் பெரும்பாலும் இதில் தாண்டிவிடும்.
- அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லையா? அதே பட்டனை மூன்று நொடி அழுத்திப் பிடித்துப் பாருங்கள். பிடித்தால்தான் உறுதியாகும் என்ற வழக்கம் இப்போது நிறைய கேம்களில் இருக்கிறது. திரையில் ஒரு வட்டம் நிரம்புவது பார்ப்பவருக்குத் தெரியும், நமக்கு யாரும் சொல்வதில்லை.
- குச்சியால் அம்புக்குறியை மிதக்கவிட்டு நகர்த்த வேண்டிய மெனு என்றால் போராடாதீர்கள். பேச்சு வசதி இல்லாமல் அதைக் காதால் கையாள வழியே இல்லை. பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

படி 6: மெனுவுக்கு வரைபடம் போடுவது

பேசாத மெனுவை மனப்பாடத்தால் ஆளலாம். பழைய ஆட்டக்காரர்கள் இப்படித்தான் காலம் தள்ளினார்கள்.

முதலில் தெரிய வேண்டியது: மெனு சுற்றுகிறதா, முட்டுகிறதா? மேல் பட்டனைத் தொடர்ந்து அழுத்துங்கள். ஒரு கட்டத்தில் ‘டிக்’ நின்றாலோ, ‘டொக்’ என்று வேறு சத்தம் வந்தாலோ, அது முட்டும் மெனு. உங்களுக்கு ஓர் உச்சி கிடைத்துவிட்டது. எங்கே தொலைந்தாலும் மேலே முட்டிவிட்டு அங்கிருந்து எண்ணலாம். சத்தம் முடிவில்லாமல் வந்துகொண்டே இருந்தால் அது சுற்றும் மெனு. அதில் தொலைந்தால் ஒரே வழி, வெளியே போய் மறுபடி உள்ளே வருவது. அப்படி வரும்போது குறி முதல் வரியில் நிற்கிறதா, விட்ட இடத்திலேயே நிற்கிறதா என்பதையும் சோதித்து எழுதி வையுங்கள்.

கைபேசிக் குறிப்பில் இப்படி எழுதிக்கொண்டால் போதும்:

‘முகப்பு: முட்டும். மொத்தம் 5. ஆப்ஷன்ஸ் மேலிருந்து 3. உள்ளே ஆர்1 இரண்டு தடவை, ஆடியோ. கீழே 1 இசை. இடப்பக்கம் 7 தட்டினால் முப்பது சதவீதம்.’

இதில் எல்லோரையும் ஒரு தடவையாவது கவிழ்க்கும் விஷயம் ஒன்று: முதல் நாள் போட்ட வரைபடம் இரண்டாம் நாள் பொய்யாகிவிடும். நீங்கள் ஆட்டத்தைச் சேமித்த பிறகு முகப்பில் ‘கன்டினியூ’ என்ற புது வரி முதலிடத்தில் வந்து உட்காரும். எல்லாம் ஒன்று கீழே இறங்கும். மூன்றாவதாக இருந்த ஆப்ஷன்ஸ் நான்காவதாகிவிடும். மூன்றாவது இடத்தில் இப்போது வேறேதோ. ஆகவே வரைபடத்தை முதல் சேமிப்புக்குப் பிறகு போடுங்கள். பெரிய அப்டேட் வந்தாலும் ஒருமுறை சரிபாருங்கள்.

அழித்தல், புதிதாகத் தொடங்குதல் போன்ற இடங்களில் உறுதிக் கேள்வி வரும்போது குறி ‘ஆம்’ மேல் நிற்கிறதா ‘இல்லை’ மேல் நிற்கிறதா என்பதை, இழந்தால் பரவாயில்லை என்கிற ஒரு சேமிப்பில் சோதித்துவிட்டு அப்புறம் நம்புங்கள்.

படி 7: பேசாததைப் பேச வைப்பது

கணினியில் ஆடுபவர்களுக்கு இரண்டு ஆயுதம் உண்டு.

ஒன்று, எழுத்தறிதல். கேம் முன்னால் இருக்கும்போது என்விடிஏ விசையுடன் ஆர் அழுத்துங்கள். திரையில் உள்ள எழுத்துகளை அடையாளம் கண்டு ஒரு பக்கமாகத் தரும். அம்பு விசைகளால் வாசிக்கலாம். வேண்டிய சொல்லில் என்டர் அழுத்தினால் அந்த இடத்தைச் சொடுக்க முயலும். எஸ்கேப் அழுத்தினால் கேமுக்குத் திரும்பலாம். எதுவும் வரவில்லையென்றால் இரண்டு இடத்தில் பாருங்கள். கேம் முழுத்திரை முறையில் இருந்தால் ‘பார்டர்லெஸ்’ ஜன்னல் முறைக்கு மாற்றுங்கள். அந்தரங்கத்துக்காக, திரையைக் கறுப்பாக்கும் என்விடிஏவின் திரைச்சீலையைப் போட்டு வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். கறுப்புத் திரையில் அதுவும் என்ன படிக்கும்? அலங்கார எழுத்துருக்களில் இது தடுமாறும். எந்த வரி தேர்வாகியிருக்கிறது என்பதையும் சொல்லாது. அதனால்தான் படி 6-இல் போட்ட வரைபடம் இங்கும் கை கொடுக்கும்.

இன்னொன்று மாட். ஸ்டார்டியூ வேலிக்கு ‘ஸ்டார்டியூ அக்சஸ்’, ஹார்த்ஸ்டோனுக்கு ‘ஹார்த்ஸ்டோன் அக்சஸ்’, ஸ்லே த ஸ்பயருக்கு ‘சே த ஸ்பயர்’, ஃபாக்டோரியோவுக்கு ‘ஃபாக்டோரியோ அக்சஸ்’ என்று ஆர்வலர்கள் எழுதிய மாட்கள் இருக்கின்றன. மெனு மட்டுமல்ல, களத்தில் இருக்கும் பொருள்களையும் இவை பேசுகின்றன. ஸ்டார்டியூவுக்கு முதலில் ‘ஸ்மாபி’ என்ற அடித்தளத்தை நிறுவ வேண்டும். கேம் அப்டேட் ஆனால் மாட் சில நாள் உடையும். தானியங்கி அப்டேட்டை அடக்கி வைப்பது நல்லது. பலர் சேர்ந்து ஆடும் போட்டிக் கேம்களில் மாட் போடுவதற்கு முன் விதிகளைப் பாருங்கள். ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளுக்கு உங்கள் நல்லெண்ணம் தெரியாது, கணக்கை முடக்கிவிடும்.

கன்சோலில் இந்த இரண்டும் கிடையாது. கைபேசியை டிவிக்கு நேராகப் பிடித்து சீயிங் ஏஐ போன்ற செயலியால் வாசிக்கலாம், பீ மை ஐஸ் மூலம் ஒரு தன்னார்வலரைக் கேட்கலாம். அவசரத்துக்கு உதவும். தினமும் இப்படி ஆட முடியாது.

படி 8: ஆட்டத்துக்குள்

நன்றாகச் செய்யப்பட்ட மூன்று கேம்களை வைத்துச் சொல்கிறேன்.

2020 ஜூனில் வந்த ‘த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ அறுபதுக்கும் மேற்பட்ட அணுகல் அமைப்புகளோடு வந்தது. அவற்றை ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம். பார்வைக்கான முன்தொகுப்பைத் தேர்ந்தெடுத்தால் வேண்டியவை மொத்தமாக இயங்கும். இடது குச்சியை உள்ளே அழுத்தினால் போக வேண்டிய திசைக்கு உடம்பு திரும்பும். ஆர்1 பிடித்துக்கொண்டு வட்டத்தை அழுத்தினால் அருகிலுள்ள பொருள்களும், சதுரத்தை அழுத்தினால் எதிரிகளும் சத்தமாகத் தெரிவார்கள். பள்ளத்தில் விழாமல் தடுக்கும் வசதியும் உண்டு. ஆட்டத்தைத் தொடங்கும் முன் ஒலிக் குறிப்புகளின் அகராதிக்குப் போய் ஒவ்வொரு சத்தத்தையும் கேளுங்கள். குதி, குனி, எடு, தவிர் எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சத்தம். பொறுமையாகக் கேட்கும் அரை மணி நேரம் வீண்போகாது.

2023 அக்டோபரில் வந்த ‘ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்’ கார் பந்தயத்தையே காதுக்குக் கொண்டுவந்தது. வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு திருப்ப வேண்டும், எப்போது வேகம் குறைக்க வேண்டும், பாதையின் விளிம்பு எவ்வளவு நெருக்கம் என எல்லாவற்றுக்கும் தனி ஒலி. அதன் உருவாக்கத்தில் ஆலோசகராக இருந்தவர் பிராண்டன் கோல். அவரே பார்வையற்ற ஆட்டக்காரராக இருந்தவர்; 2024-இல் காலமானார். இதில் எல்லா ஒலியையும் முதல் நாளே போட்டால் தலை சுற்றும். திருப்பு வழிகாட்டியையும் பாதை விளிம்பையும் மட்டும் வைத்து, பழகிய ஒரே பாதையில் தனியாக ஓட்டுங்கள். கை பிடிபட்டதும் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’-இல் எதிராளியின் தூரம், மீதமிருக்கும் உயிர், அடி விழுந்த உயரம், தலைக்கு மேல் தாண்டி மறுபக்கம் போனது ஆகியவற்றுக்கு ஒலிகள் இருக்கின்றன. தூர ஒலியை முதலில் போட்டுப் பயிற்சி அறையில் முன்னும் பின்னும் நடந்து பழகுங்கள்.

மூன்றுக்கும் பொதுவான ஒரு வேலை: இசையை முப்பது சதவீதத்துக்கு இறக்குங்கள், அல்லது அணையுங்கள். உதவி ஒலிகளையும் பேச்சையும் முழுதாக ஏற்றுங்கள். இசையமைப்பாளர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பட்டன்களை மாற்றி அமைக்கும் வசதி இருந்தால், அடிக்கடி தேவைப்படும் ‘என் நிலை என்ன’ போன்ற கட்டளைகளை விரல் நகராமல் எட்டும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். கணினியில் என்விடிஏ சில விசைகளைப் பிடித்துக்கொள்ளும். கேமுக்கே அந்த விசை போக வேண்டுமென்றால் என்விடிஏ விசையுடன் எஃப்2 அழுத்திவிட்டு அதை அழுத்துங்கள்.

கைபேசியில்

சுருக்கமாக: கேம் தானே பேசுமென்றால் டாக்பேக்கை நிறுத்துங்கள். இரண்டு வால்யூம் பட்டனையும் சில நொடி சேர்த்துப் பிடித்தால் நிற்கும், மறுபடி பிடித்தால் வரும். இல்லாவிட்டால் நீங்கள் வருடுவது கேமுக்குப் போகாது. பழகத் தொடங்க பிரான்சின் டொவினோ நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ‘எ பிளைண்ட் லெஜண்ட்’ நல்லது. பார்வையிழந்த வீரன் ஒருவனை அவன் மகளின் குரல் வழிநடத்தும்; எல்லாமே ஒலிதான்.

பக்கத்தில் உட்காருபவருக்கு

தம்பியோ தங்கையோ நண்பரோ உதவ வந்தால் அவர்களுக்கும் ஒரு பழக்கம் வேண்டும். ‘அங்கதாண்ணா, அந்த மஞ்சள் கலருக்குக் கீழ’ என்பதில் ஒன்றும் கிடைக்காது. ‘இப்ப மேலருந்து ரெண்டாவதுல நிக்குது. மொத்தம் ஆறு. நீ தேடுறது அஞ்சாவது’ என்றால் அடுத்த தடவை அவர் இல்லாமலே போய்விடலாம். கன்ட்ரோலரைப் பிடுங்கி ‘நானே வெச்சுத் தரேன்’ என்று முடித்துவிடுவதுதான் எல்லாவற்றிலும் கெட்ட உதவி. தவிர்க்க முடியாத இடத்துக்கு எக்ஸ்பாக்ஸிலும் பிஎஸ்5-இலும் இரண்டு கன்ட்ரோலரை ஒன்றாக இணைக்கும் வசதி உண்டு. அவர் தன்னுடையதில் அந்த ஒரு திரையை மட்டும் தாண்டிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

தயாரிப்பாளருக்கு எழுதும்போது

‘உங்கள் கேம் எங்களுக்கு உகந்ததாக இல்லை’ என்று எழுதினால் வருத்தம் தெரிவித்து ஒரு பதில் வரும், அதோடு சரி. எந்தத் திரை, எந்தப் பட்டன், என்ன கேட்டது, என்ன கேட்டிருக்க வேண்டும் என்ற நான்கும் இருக்கட்டும்: ‘ஆடியோ பக்கத்தில் ஆர்1 அழுத்தினால் அடுத்த பக்கத்துக்குப் போகிறது. சத்தம் வருகிறது, பக்கத்தின் பெயர் பேசப்படவில்லை. இடது அம்பு அழுத்தினால் இசையின் அளவு குறைகிறது, புதிய எண் சொல்லப்படவில்லை.’ இப்படி எழுதினால் அது நிரலாளரின் மேசைக்கே போகும். கேமின் பதிப்பு எண்ணையும் எந்தக் கருவி என்பதையும் சேருங்கள். சிறு குழுக்கள் பல சமயம் பெரிய நிறுவனங்களை விட வேகமாகத் திருத்துகின்றன. அதனால் நீங்கள் எழுதும் முதல் புகார், விரும்பி ஆடும் சிறிய கேம் ஒன்றைப் பற்றியதாக இருக்கட்டும்.